வீரர்களுக்குச் சம்பளம் கொடுங்கள், நீச்சல் அணியில் கை வைக்காதீர்கள்

அமெரிக்காவில் ஒரு பெரிய பல்கலைக்கழகத்தின் விளையாட்டுத் துறையை நடத்துவது இன்றைக்கு லேசுப்பட்ட வேலை இல்லை. ஆனாலும் டென்னிஸ், நீச்சல், ஜிம்னாஸ்டிக்ஸ் அணிகளில் கை வைக்கும்போது அந்தத் துறை இயக்குநர்கள் சொல்லும் காரணத்தை என்னால் ஏற்க முடியவில்லை. வீரர்களுக்குப் பணம் தர வேண்டிய நிலை வந்துவிட்டதால்தான் இப்படி என்கிறார்கள்.

இங்கே கல்லூரி ஃபுட்பால் (நம் ஊர் கால்பந்து இல்லை, முட்டை வடிவப் பந்தைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடும் அமெரிக்க ஆட்டம்) எவ்வளவு பெரிய வியாபாரம் என்பது நம் ஊரில் இருப்பவர்களுக்கு நம்பக் கடினமாக இருக்கும். மிச்சிகன் பல்கலைக்கழக மைதானத்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் உட்காரலாம். டிவி உரிமைப் பணம் தனி. இந்தக் கூட்டத்தை வரவழைத்த பையன்களுக்குப் பல பத்தாண்டுகளாகக் கிடைத்தது ஸ்காலர்ஷிப், சாப்பாடு, தங்குமிடம் மட்டுமே. 2021 ஜூனில் முன்னாள் வீரர் ஆல்ஸ்டன் பெயரிலான வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒரே குரலில், கல்லூரி விளையாட்டுகளை நிர்வகிக்கும் என்.சி.ஏ.ஏ. அமைப்புக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னார்கள். அடுத்த மாதமே, வீரர்கள் தங்கள் பெயரையும் படத்தையும் வைத்து விளம்பரத்தில் சம்பாதிக்கலாம் என்றானது. 2025 ஜூனில் வீரர்கள் என்.சி.ஏ.ஏ. மீது போட்ட வழக்குகளை முடிக்க நீதிபதி கிளாடியா வில்கன் ஒப்புதல் தந்த 'ஹவுஸ்' உடன்படிக்கை அதற்கும் ஒரு படி மேலே போனது. பழைய வீரர்களுக்குப் பத்து ஆண்டுகளில் சுமார் 280 கோடி டாலர் இழப்பீடு. இப்போதைய வீரர்களுக்குப் பல்கலைக்கழகமே நேரடியாகப் பணம் தரலாம். முதல் வருடத்துக்கு ஒரு பல்கலைக்கழகத்துக்கான உச்சவரம்பு சுமார் 2 கோடியே 5 லட்சம் டாலர்.

இது நியாயம். இன்னும் முன்பே நடந்திருக்க வேண்டியது.

ஆனால் அதே உடன்படிக்கையில் இன்னொரு விஷயமும் இருந்தது. ஸ்காலர்ஷிப் எண்ணிக்கைக்கு இருந்த வரம்பை எடுத்துவிட்டு, அணியில் மொத்தம் எத்தனை பேர் இருக்கலாம் என்று வரம்பு வைத்தார்கள். ஃபுட்பாலுக்கு 105. ஆண்கள் நீச்சலுக்கு 30, எஸ்.இ.சி. என்ற கான்ஃபரன்ஸ் (தங்களுக்குள் போட்டி நடத்தும் பல்கலைக்கழகங்களின் கூட்டமைப்பு) அதையும் 22 ஆகக் குறைத்துக்கொண்டது. இதில் அடிபட்டவர்கள் 'வாக்-ஆன்' பிள்ளைகள், அதாவது ஸ்காலர்ஷிப் இல்லாமல் சொந்தச் செலவில் படித்துக்கொண்டே அணியில் இருப்பவர்கள். எங்கள் தெருவில் ஒரு பையன் அப்படி இருந்தான். பள்ளிக்கூட நாளில் விடிவதற்கு முன்பே அவனுடைய அம்மா காரை எடுக்கும் சத்தம் எங்கள் வீட்டுக்குக் கேட்கும். கல்லூரி அணியில் இடம் கிடைத்தபோது தெருவே கொண்டாடியது. கடைசியில் கோச்சிடமிருந்து ஒரு போன், பத்து நிமிடப் பேச்சு, அவ்வளவுதான். இப்படி நீக்கப்பட்டவர்களுக்காக நீதிபதி குரல் கொடுத்த பிறகு, அவர்களை அந்த வரம்பில் கணக்கிட வேண்டாம் என்று ஒரு விலக்கு சேர்த்தார்கள். ஆனால் திரும்பச் சேர்த்துக்கொள்வதும் சேர்க்காததும் பல்கலைக்கழகத்தின் விருப்பம்.

சரி, பணம் இல்லையா? 2023 நவம்பரில் டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகம் தன் ஃபுட்பால் கோச் ஜிம்போ ஃபிஷரை நீக்கியது. ஒப்பந்தத்தைப் பாதியில் முறித்ததற்காக அவருக்குத் தர வேண்டியிருந்தது ஏழரைக் கோடி டாலருக்கும் மேல். வேலை செய்யாமல் இருப்பதற்கு! வீரர்களுக்கான ஒரு வருட உச்சவரம்பைப் போல மூன்றரை மடங்குக்கும் மேல் இது. ஒரு நீச்சல் அணியை எத்தனை வருடம் நடத்தலாம் என்று யாராவது கணக்குப் போட்டார்களா?

அப்புறம் பயணச் செலவு. டிவி பணத்துக்காக லாஸ் ஏஞ்சலீஸ் பல்கலைக்கழகங்களான யு.சி.எல்.ஏ.வும் யு.எஸ்.சி.யும் 2024இல் பிக் டென் என்ற கான்ஃபரன்ஸுக்குப் போயின, அவை அதுவரை இருந்த மேற்குக் கரை கான்ஃபரன்ஸான பேக்-12 சிதறியது. ஃபுட்பால் அணிக்கு இது பெரிய கஷ்டமில்லை, சீசனுக்கு நாலைந்து வெளியூர் ஆட்டம்தான், அதுவும் தனி விமானம். வாலிபால், சாஃப்ட்பால் பெண்கள் லாஸ் ஏஞ்சலீஸிலிருந்து நியூ ஜெர்சி வரை போக வேண்டும். ஐந்து மணி நேரத்துக்கும் மேல் விமானம், மூன்று மணி நேரக் கால வித்தியாசம், திரும்பி வந்தால் வகுப்பில் பரீட்சை. ஃபுட்பாலை மட்டும் பெரிய கான்ஃபரன்ஸில் வைத்துக்கொண்டு மற்ற விளையாட்டுகளைப் பக்கத்து மாநிலங்களுக்குள்ளேயே ஆடவிட என்ன தடை என்று எனக்கு இன்னும் புரியவில்லை.

இயக்குநரின் தலைவலி எனக்குத் தெரியாமல் இல்லை. வேறு பல்கலைக்கழகத்துக்கு மாற விரும்பும் வீரர்கள் பெயர் பதியும் டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் வழியாக ஆட்டக்காரர்கள் வருடாவருடம் இடம் மாறுகிறார்கள். போன வருட அணி இந்த வருடம் இல்லை. 1972ஆம் ஆண்டின் டைட்டில் நைன் சட்டப்படி பெண்களுக்குச் சம வாய்ப்பு தர வேண்டும். இந்தப் புதிய பணமோ பெரும்பாலும் ஃபுட்பாலுக்கும் ஆண்கள் கூடைப்பந்துக்கும் போகிறது. இழப்பீட்டுப் பங்கீட்டை எதிர்த்துச் சில வீராங்கனைகள் மேல்முறையீடும் செய்தார்கள். எந்தப் பக்கம் திரும்பினாலும் வழக்கறிஞர்தான்.

ஆனாலும் அணியை மூடுவதுதான் ஒரே வழி என்பதை நம்பாதீர்கள். ஸ்டான்ஃபோர்ட் 2020 ஜூலையில் பதினொரு விளையாட்டுகளை நிறுத்துவதாக அறிவித்தது. அதில் மல்யுத்தமும் ஒன்று. அடுத்த மார்ச்சில் அந்த அணியின் மல்யுத்த வீரர் ஷேன் கிரிஃபித் பல்கலைக்கழகப் பெயரே இல்லாத வெறும் கறுப்பு உடையில் களமிறங்கித் தேசியப் பட்டத்தை வென்றார். முன்னாள் மாணவர்களும் விடாமல் போராடினார்கள். மே மாதம் பதினொன்றையும் தொடர்வதாக ஸ்டான்ஃபோர்ட் அறிவித்தது.

நமக்கென்ன என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். 2025 செப்டம்பரில் டேவிஸ் கோப்பையில் சுவிட்சர்லாந்தை அதன் மண்ணிலேயே இந்தியா வென்றதே, அதில் முதல் ஆட்டத்தை வென்று கொடுத்த தக்ஷிணேஸ்வர் சுரேஷ் மதுரைக்காரர். அமெரிக்காவின் வேக் ஃபாரஸ்ட் பல்கலைக்கழக டென்னிஸ் அணியில் ஆடியவர். தொழில்முறை டென்னிஸில் தனியாகச் செலவு செய்து மேலே வர எத்தனை நம் வீட்டுப் பிள்ளைகளால் முடியும்? இந்தக் கல்லூரி அணிகள் அவர்களுக்குப் படிப்பு, கோச், ஆட்டம் மூன்றையும் ஒன்றாகத் தருகின்றன.

நான் படித்த பல்கலைக்கழகத்திலிருந்து வருடந்தோறும் நன்கொடை கேட்டுக் கடிதம் வரும். இந்த வருடம் பணத்தை நீச்சல் அணிக்கு மட்டும் என்று குறிப்பிட்டு அனுப்பினேன். கூடவே, ஃபுட்பால் கோச்சைப் பாதியில் நீக்கினால் எவ்வளவு தர வேண்டியிருக்கும், அது யார் பணம் என்று கேட்டு இயக்குநருக்கு எழுதியிருக்கிறேன். இங்கே படித்த நண்பர்கள் நீங்களும் உங்கள் பல்கலைக்கழகத்துக்கு எழுதுங்கள்.