எலும்புக்கூட்டுக்கு ஒரு மனைவி இருந்தால்?

ஞாயிற்றுக்கிழமை மதியம் நாங்கள் ஐந்து பேர் கூடி டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆடுவோம். மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு கதாபாத்திரமாகப் பேசி, பகடை உருட்டி ஆடும் கதை விளையாட்டு. கதையை நடத்தும் டிஎம் நான். போன மாதம் ஆட்டம் பாதியில் நின்று ஒன்றரை மணி நேரம் வாய்ச்சண்டை. காரணம், ஒரு எலும்புக்கூடு.

எங்கள் குழுவில் ஒருவர் நெக்ரோமான்சர். செத்த உடம்பை எழுப்பி வேலை வாங்கும் மந்திரவாதி. கடற்கரையில் கிடந்த எலும்புக் குவியல் மேல் ‘அனிமேட் டெட்’ மந்திரத்தைப் போட்டார். எழுந்து நின்றதன் முதுகில் கூடாரத்தையும் சட்டிபானையையும் ஏற்றிவிட்டார். பாலடின், அதாவது தர்மத்துக்காகச் சத்தியம் செய்த வீரன், ஆக ஆடும் தம்பிக்குப் பொறுக்கவில்லை.

“இது பாவம்ணா.”

“யாருக்குடா பாவம்? எலும்புக்கு வலிக்குமா? போன வாரம் நீ வெட்டிப்போட்ட எட்டுப் பேருக்கு வலிக்கலையா?”

தம்பி விதிப்புத்தகத்தைப் பிரித்துக் காட்டினான். 2014ஆம் ஆண்டுப் பதிப்பில் தெளிவாகவே இருக்கிறது: செத்தவர்களை இப்படி எழுப்புவது நல்ல செயல் அல்ல, தீயவர்கள்தான் இதை அடிக்கடி செய்வார்கள் என்று. ஏன் என்று மட்டும் அந்த இடத்தில் இல்லை. பள்ளிக்கூடத்தில் ‘சொன்னா கேளு’ என்பார்களே, அந்த மாதிரி.

புத்தகம் சொல்கிறது என்பதற்காக ஒப்புக்கொள்ள எனக்கு மனமில்லை. 2000இல் வந்த மூன்றாம் பதிப்பில், சொன்னதைச் செய்யும் சாதாரண எலும்புக்கூடு நல்லதும் இல்லை, கெட்டதும் இல்லை, நடுநிலை. 2003இல் அதைத் திருத்தி 3.5 என்று வெளியிட்டபோது அதே எலும்புக்கூடு தீயது ஆகிவிட்டது. மூன்றே வருஷத்தில் எலும்பு கெட்டுப்போய்விட்டது பாருங்கள்.

அனிமேட் டெட் மூன்றாம் நிலை மந்திரம். ஃபயர்பாலும் மூன்றாம் நிலைதான். இருபது அடி ஆரத்துக்குள் நிற்கிற அத்தனை பேரையும் அது பொசுக்கும். அதற்கு ‘நல்ல செயல் அல்ல’ என்று ஒரு வரி கிடையாது. உயிரோடு இருப்பவனின் புத்தியைப் பிடுங்கி ஆட்டிவைக்கும் ‘டாமினேட் பெர்சன்’ மந்திரத்துக்கும் கிடையாது. கேட்க ஆளில்லாத எலும்பைத் தொட்டால் மட்டும் பாவம்!

விதிகளுக்குள் நின்றே ஒரு நல்ல வாதம் இருக்கிறது, அதைத் தம்பி கடைசிவரை எடுக்கவே இல்லை. எழுப்பிய எலும்புக்கூடு இருபத்து நாலு மணி நேரம்தான் நம் சொல்லைக் கேட்கும். அதற்குள் மறுபடி மந்திரம் போட்டுப் பிடியைப் புதுப்பிக்காவிட்டால் கைமீறிப் போய்விடும். உயிருள்ளவர்களைக் கண்டால் தாக்கும். மந்திரவாதி தூங்கிவிட்டாலோ செத்துவிட்டாலோ பக்கத்து ஊர்க்காரனுக்குத்தான் ஆபத்து. கடிநாயைச் சங்கிலி இல்லாமல் தெருவில் விடுகிற கதை. சரி, தப்புதான். ஆனால் இது பொறுப்பின்மை. கவனமாக இருக்கும் மந்திரவாதியை இந்த வாதம் தொடாது.

எனக்கு உறைத்தது வேறு. அதே 2014 புத்தகத்தில் செத்தவரை உயிரோடு மீட்கும் ‘ரெய்ஸ் டெட்’ மந்திரமும் நெக்ரோமான்சி என்ற அதே சாவு மந்திர வகையில்தான் வருகிறது. ஐந்நூறு பொன் பெறுமான வைரம் வேண்டும், செத்துப் பத்து நாளைத் தாண்டியிருக்கக் கூடாது. அதோடு, அந்த ஆன்மாவுக்குத் திரும்பி வர விருப்பம் இருக்க வேண்டும். வரமாட்டேன் என்றால் மந்திரம் பலிக்காது. அனிமேட் டெட்டில் அந்தக் கேள்வியே இல்லை. ஒன்று கேட்டுவிட்டுச் செய்கிறது, மற்றது கேட்காமல் எடுத்துக்கொள்கிறது. இரண்டுக்கும் நடுவே நான் பார்க்கிற கோடு இதுதான்.

திருமூலர் கதை நமக்குத் தெரியும். சாத்தனூரில் மேய்ப்பன் மூலன் செத்துக் கிடக்கிறான், பசுக்கள் சுற்றி நின்று அழுகின்றன. மனம் பொறுக்காத சித்தர் அந்த உடம்புக்குள் புகுந்து மாடுகளை வீடு சேர்க்கிறார். யாரும் இதைப் பாவம் என்று சொல்வதில்லை, நானும் சொல்லமாட்டேன். ஆனால் எனக்கு எப்போதும் நினைவில் நிற்பது அதற்கு அடுத்த காட்சி. மூலனின் மனைவி தேடிக்கொண்டு வருகிறாள். புருஷனின் முகம், புருஷனின் கை. ‘உனக்கும் எனக்கும் உறவில்லை’ என்கிறது அந்த வாய். அவள் ஊர்ப் பெரியவர்களிடம் போய் முறையிடுகிறாள். பசுவின் துக்கம் தீர்ந்தது. அவள் துக்கம்?

எங்கள் விதிப்புத்தகங்களில் அவள் இல்லை. செத்த உடம்பு எத்தனை அடிக்குள் கிடக்க வேண்டும் என்று இருக்கிறது, அதைத் தேடி வருபவர்கள் இல்லை.

அதனால் அடுத்த ஞாயிறு நான் ஒரு வேலை செய்தேன். பிடி விட்டுப்போன எலும்புக்கூடு சில சமயம் உயிரோடு இருந்தபோது செய்த வேலையைச் சும்மா அபிநயம் பிடிக்கும் என்று விதிகளிலேயே ஒரு குறிப்பு உண்டு. சுரங்கத் தொழிலாளியின் எலும்புக்கூடு சுவரைக் கொத்துமாம். குழு ஒரு மீனவக் குப்பத்தில் இரவு தங்கியது. நெக்ரோமான்சர் விடியலில் மந்திரத்தைப் புதுப்பிக்க மறந்துவிட்டார். எலும்புக்கூடு யாரையும் தாக்கவில்லை. முதுகுச் சுமையை இறக்கிவைத்துவிட்டு மணலில் உட்கார்ந்து, இல்லாத வலை ஒன்றைப் பின்ன ஆரம்பித்தது. இடது கையால் முடிச்சுப் போட்டு, முடிச்சுக்கு ஒரு தரம் நூலைப் பல்லால் கடித்தது.

தண்ணீர்க் குடத்தோடு வந்த ஒரு பெண் அதைப் பார்த்து நின்றுவிட்டாள். இரண்டு வருஷமாகக் கடலிலிருந்து திரும்பாத ஒருவர் இப்படித்தான் பின்னுவார்.

மேசையில் ஒருவரும் பேசவில்லை. பகடையை உருட்டிக்கொண்டிருந்த தம்பி கையை எடுத்துவிட்டான்.

இதற்கும் நெக்ரோமான்சர் நண்பர் ஒரு வழி வைத்திருந்தார். இனிமேல் உயிரோடு இருப்பவர்களிடமே பேசி, இப்போதே பொன்னைக் கொடுத்து, செத்தபிறகு எலும்பு எனக்கு என்று எழுதி வாங்கிக்கொள்கிறேன் என்றார். உடல்தானம் மாதிரிதானே என்றார். பாதி ஒப்புக்கொள்கிறேன். மீதிப் பாதிதான் இடிக்கிறது. பசியில் இருப்பவன்தானே எலும்பை விற்க வருவான்? இதே ஆட்டத்தின் எபெரான் என்ற கற்பனை உலகில் கார்நாத் என்று ஒரு நாடு. பஞ்சத்திலும் கொள்ளைநோயிலும் சிக்கிய அந்த நாடு, போரில் செத்த தன் சிப்பாய்களையே எழுப்பிப் படை திரட்டியது. நாட்டுக்காக உயிரைக் கொடுத்தவனை ‘இன்னும் டியூட்டி முடியலை’ என்று எழுப்பினால் எப்படி இருக்கும்?

எங்கள் எலும்புக்கூட்டை அந்தக் குப்பத்திலேயே அடக்கம் செய்தாயிற்று. குழி தோண்டியது நெக்ரோமான்சர்தான், மந்திரம் இல்லாமல், மண்வெட்டியால். இப்போது கூடாரத்தை யார் சுமப்பது என்று தனியாக ஒரு சண்டை ஓடிக்கொண்டிருக்கிறது.