பகிடி என்று பெயரிடப்பட்டவை

லண்டனில் ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் ஆறு ஆண்டுகள் வேலை செய்தேன். அவற்றில் கடைசிப் பதினான்கு மாதங்களைப் பற்றி வீட்டுக்கு வெளியே எவரிடமும் முழுமையாகச் சொன்னதில்லை. சென்ற வாரம், ஊரிலிருந்து வந்து இங்கே முதியோர் பராமரிப்பு இல்லமொன்றில் வேலை செய்யும் ஒரு தங்கை தொலைபேசியில், “அக்கா, அவையள் பகிடிக்குத்தான் சொல்லுகினம், நான்தான் பெரிசா எடுக்கிறனோ தெரியேல்லை” என்று அழுதாள். அதே வசனத்தை நானும் எனக்குள் மாதக்கணக்கில் சொல்லிக்கொண்டிருந்தேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

எனக்குப் பெயரில்தான் தொடங்கியது. புதிதாக வந்த மேற்பார்வையாளர், என் பெயர் தன் வாயில் நுழையாது என்று முதல் நாளே சொல்லி, முதலெழுத்தை மட்டும் எடுத்து ‘எஸ்’ என்று அழைக்கத் தொடங்கினார். ஒரு மாதத்துக்குள் முழுப் பிரிவுக்கும் நான் ‘எஸ்’ ஆகிவிட்டேன். அடுத்தது என் உச்சரிப்பு. வாடிக்கையாளர் ஒருவருடன் பேசி முடித்துத் தொலைபேசியை வைத்ததும், நான் கடைசியாகச் சொன்ன வசனத்தையே, தலையை இரு பக்கமும் ஆட்டியபடி, என் குரலைப் போல இழுத்துச் சொல்லிக் காட்டுவார். சுற்றியிருந்தவர்கள் சிரிப்பார்கள். நானும் சிரித்திருக்கிறேன். அந்தச் சிரிப்பை நினைக்கும்போதுதான் இன்றும் அதிகம் வலிக்கிறது. பதவி உயர்வுக்கு விண்ணப்பித்தபோது, வேலையில் எந்தக் குறையும் இல்லை, ஆனால் வெளியாட்களுடன் பேசும் பொறுப்புக்கு என் பேச்சு பொருந்தாது என்று சொன்னார்கள். அந்த வெளியாட்களுடன் ஐந்து ஆண்டுகளாக நாள்தோறும் பேசிக்கொண்டிருந்தவள் நான்.

பிறகு சாப்பாடு. அம்மா விடியற்காலை ஐந்து மணிக்கு எழும்பிப் புட்டவித்து, மீன்குழம்பைத் தனியாக ஒரு சிறு போத்தலில் ஊற்றித் தந்துவிடுவார். ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் சாப்பிட்ட பாத்திரத்தைக் கழுவிக்கொண்டு திரும்பியபோது, மைக்ரோவேவ் அடுப்பின் மேல் எலுமிச்சை மணமுள்ள ஸ்பிரே டப்பா ஒன்று இருந்தது. அதில் ஒட்டியிருந்த மஞ்சள் துண்டுத்தாளில், ‘எஸ் சாப்பிட்டுப் போன பிறகு அடிக்கவும்’ என்று எழுதி, பக்கத்தில் சிரிக்கும் முகம் ஒன்றும் வரைந்திருந்தார்கள். அதே அடுப்பில்தான் மற்றவர்கள் தங்கள் மீன் உணவுகளையும் சூடாக்கினார்கள்; அதற்காக எவரும் டப்பா வாங்கி வைக்கவில்லை. அன்றிலிருந்து ஏழு மாதங்கள், அலுவலகத்துக்கு எதிரேயிருந்த பஸ் தரிப்பிடத்து வாங்கில் அமர்ந்து ஆறிய புட்டைச் சாப்பிட்டேன். மழை நாட்களில் சாப்பிடாமலே இருந்தேன். போத்தல் வெறுமையாக வீடு திரும்பாவிட்டால் அம்மா கேள்வி கேட்பார் என்பதற்காக, அவர் ஆக்கிய குழம்பைக் கழிப்பறையில் ஊற்றிக் கழுவிக்கொண்டு போன நாட்களும் உண்டு.

அந்தத் துண்டுத்தாளைக் கிழித்தெறியப் போன என் கையைப் பிடித்தவர் வேறொரு பிரிவில் வேலை செய்த ஒரு பெண். அவருடைய பெற்றோர் ஜமேக்காவிலிருந்து வந்தவர்கள். கிழிக்காதே, முதலில் படமெடு என்றார். பிறகு, இனி நடப்பது ஒவ்வொன்றையும் அன்றன்றைக்கே எழுதி வை: எந்தத் திகதி, எத்தனை மணி, எந்த இடம், என்ன சொல்லப்பட்டது, யார் பக்கத்தில் இருந்தார்கள் என்று சொல்லிக்கொடுத்தார். நான்கு மாதங்களில் 38 பதிவுகள் சேர்ந்தன. ஒவ்வொன்றாக எடுத்தால் எல்லாமே அற்பமானவை; எதைச் சொன்னாலும், இதற்கா இவ்வளவு என்று கேட்கலாம். 38ஐயும் ஒரே இருப்பில் வாசித்த இரவில்தான், இது என் மனப்பிரமை அல்ல என்று முதன்முறையாக எனக்கு விளங்கியது.

இங்கே ஒன்றை நான் சொல்லியே ஆகவேண்டும். எனக்காகச் சாட்சி சொல்லத் தன் பெயரைக் கொடுத்த ஒரே ஆள் அந்தப் பெண்தான். அவரைப் போன்ற கறுப்பின மக்களைக் குறிக்க எங்கள் வீடுகளில், எங்கள் கடைகளில், பிள்ளைகளின் காது கேட்கப் புழங்கும் ஒரு சொல் இருக்கிறது. அதை இங்கே எழுத மாட்டேன், உங்களுக்குத் தெரியும். என் வீட்டிலும் அந்தச் சொல் இருந்தது. இப்போது இல்லை.

நிறுவனத்துக்குள் எழுத்துமூலம் முறைப்பாடு கொடுத்தேன். விசாரணைக்கு வந்த மனிதவளப் பிரிவு அதிகாரி மரியாதையானவர்தான், ஆனால் ஒரு மணி நேரத்தில் மூன்று தடவை ஒரே கேள்வியைக் கேட்டார்: “அவர் உங்களைப் புண்படுத்த வேண்டும் என்று நினைத்துத்தான் செய்தார் என்கிறீர்களா?” இன்னொருவரின் நெஞ்சுக்குள் என்ன இருந்தது என்று நான் எப்படிச் சொல்வது? மூன்று தடவையும் தெரியாது என்றுதான் சொன்னேன், அந்தத் ‘தெரியாது’ எனக்கு எதிராகவே எழுதப்பட்டது. அது பிழையான கேள்வி என்பது அப்போது எனக்குத் தெரியவில்லை.

பிரித்தானியாவின் 2010ஆம் ஆண்டுச் சமத்துவச் சட்டத்தின் 26ஆம் பிரிவு துன்புறுத்தல் எது என்பதை வரையறுக்கிறது. ஒருவருடைய இனத்தோடு தொடர்புடைய, அவர் விரும்பாத ஒரு நடத்தை, அவருடைய மாண்பைக் குலைக்கும் அல்லது அவருக்கு அச்சுறுத்தலான, பகைமையான, இழிவான, அவமானமான சூழலை உண்டாக்கும் நோக்கத்தைக் கொண்டிருந்தாலும் சரி, அந்த விளைவை ஏற்படுத்தினாலும் சரி, அது துன்புறுத்தலே. நோக்கம் ‘அல்லது’ விளைவு: எங்கள் வாழ்க்கையே அந்த ‘அல்லது’ என்ற சொல்லில்தான் தங்கியிருக்கிறது. விளைவைத் தீர்மானிக்கும்போது பாதிக்கப்பட்டவர் அதை எப்படி உணர்ந்தார் என்பதும், சூழ்நிலையும், அப்படி உணர்வது நியாயமானதா என்பதும் பார்க்கப்படும். ஆகவே ஒவ்வொரு மனத்தாங்கலும் குற்றமாகிவிடாது. ஆனால் “பகிடிக்குச் சொன்னேன்” என்ற ஒற்றை வசனத்தால் தப்பிவிடவும் முடியாது. இனம் என்ற சொல்லுக்குள் நிறம், குடியுரிமை, வம்சாவளி, தேசியத் தோற்றம் எல்லாம் அடங்கும். ஊழியர் செய்ததற்கு முதலாளியும் பொறுப்பு; அதைத் தடுக்க நியாயமான எல்லா நடவடிக்கைகளையும் எடுத்ததாக அவர் காட்டினால் மட்டுமே விலகலாம். முறைப்பாடு கொடுத்ததற்காக ஒருவரைப் பழிவாங்குவது 27ஆம் பிரிவின் கீழ் தனியான சட்டமீறல்.

இந்தச் சட்டம் எவருடைய பெருந்தன்மையாலும் வந்ததல்ல. 1963இல் பிரிஸ்டல் நகர பஸ் நிறுவனம் கறுப்பின, ஆசிய மக்களை ஓட்டுநராகவோ நடத்துநராகவோ எடுக்க மறுத்தது. அங்கே இன்னும் கசப்பான செய்தி, 1955இலேயே அத்தகைய தடைக்கு ஆதரவாகத் தொழிற்சங்கக் கிளையே தீர்மானம் போட்டிருந்தது என்பதுதான். போல் ஸ்டீபன்சன், ரோய் ஹக்கெட் முதலானோர் முன்னின்று நடத்திய பஸ் புறக்கணிப்பு நான்கு மாதங்கள் நீடித்தது. ஆகஸ்ட் 28ஆம் திகதி நிறுவனம் பணிந்தது. செப்டம்பரில் ரக்பீர் சிங் என்ற சீக்கியர் முதல் வெள்ளையரல்லாத நடத்துநராக வேலைக்குச் சேர்ந்தார். 1965இல் வந்த முதல் இன உறவுச் சட்டம் வேலைத்தலத்தைத் தொடவேயில்லை; 1968ஆம் ஆண்டுச் சட்டம்தான் தொட்டது. 1972இல் லவ்பரோவில் மான்ஸ்ஃபீல்ட் பின்னலாடை ஆலையின் ஆசியத் தொழிலாளர்கள், நல்ல சம்பளமுள்ள பின்னல் வேலை தங்களுக்குக் கிடைக்காததால் வேலைநிறுத்தம் செய்தார்கள். 1974இல் லெஸ்டரில் இம்பீரியல் தட்டச்சுப்பொறித் தொழிற்சாலையின் ஆசியத் தொழிலாளர்கள், தொழிற்சங்கத்தின் ஆதரவே இல்லாமல் ஏறத்தாழ மூன்று மாதங்கள் வேலைநிறுத்தம் செய்து வெளியே நின்றார்கள்.

நான் வேலைக்குப் போன ஜூபிலி லைன் ரயில் டொலிஸ் ஹில் நிலையத்தில் நிற்கும். 1976 ஆகஸ்டில் கிரன்விக் என்ற புகைப்படம் கழுவும் தொழிற்சாலையை விட்டு வெளியேறிய தொழிலாளி ஜெயாபென் தேசாயும் அவருடன் சேர்ந்த பெண்களும் நின்று போராடிய இடம் அந்த நிலையத்துக்கு அருகில்தான் இருக்கிறது. சேலை கட்டிய, என் அம்மாவைப் போன்ற பெண்கள், 1978 வரை, இரண்டு குளிர்காலங்கள் வாசலில் நின்றார்கள். அவர்கள் தோற்றார்கள், வேலை திரும்பக் கிடைக்கவில்லை. ஆறு ஆண்டுகள் அந்த நிலையத்தைக் கடந்து போனேன், இதில் ஒரு வரியும் எனக்குத் தெரியாது. பள்ளிக்கூடத்திலும் சொல்லவில்லை, எங்கள் தமிழ்ச் சங்கங்களிலும் சொல்லவில்லை.

இனி என் பிழை. உள் விசாரணை முடியட்டும் என்று காத்திருந்தேன். ஐந்து மாதங்கள் இழுத்த பிறகு, ‘நீங்கள் புண்பட்டிருந்தால் வருந்துகிறோம்’ என்று ஒரு கடிதமும், மேற்பார்வையாளர் வேறு மாடிக்கு மாற்றப்பட்ட செய்தியும் வந்தன. அதன் பிறகு வேலைத்தல வழக்குகளை விசாரிக்கும் தொழில் நியாயசபைக்குப் போகலாம் என்று நினைத்தபோதுதான், சம்பவம் நடந்த நாளிலிருந்து மூன்று மாதங்களுக்கு ஒரு நாள் குறைவான காலத்துக்குள் வேலைத் தகராறுகளில் சமரசம் பேசும் ஏகாஸ் (Acas) அமைப்பில் சமரச முயற்சியைப் பதிவு செய்திருக்க வேண்டும் என்றும், நிறுவனத்தின் உள் விசாரணை அந்தக் கெடுவை நிறுத்தாது என்றும் அறிந்தேன். நியாயம் என்று கருதினால் நியாயசபை காலத்தை நீட்டலாம். கேட்டுப் பார்க்கும் தெம்பு எனக்கு இருக்கவில்லை. 2025இல் நிறைவேறிய வேலைவாய்ப்பு உரிமைகள் சட்டம் இந்தக் கெடுவை ஆறு மாதமாக்க வழிசெய்கிறது. உங்கள் சம்பவத்துக்கு எந்தக் கெடு பொருந்தும் என்பதை முதல் வாரத்திலேயே ஏகாஸைக் கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள். வழக்குப் பதியக் கட்டணம் இல்லை. 2013இல் கொண்டுவரப்பட்ட, 1,200 பவுண்டு வரை போன கட்டணத்தை யூனிசன் தொழிற்சங்கம் தொடுத்த வழக்கில் 2017 ஜூலையில் உச்ச நீதிமன்றம் சட்டவிரோதம் என்று தள்ளியது. உங்களைப் பற்றி நிறுவனத்தில் உள்ள மின்னஞ்சல்களையும் பதிவுகளையும் எழுதிக் கேட்டால், பொதுவாக ஒரு மாதத்துக்குள் தரவேண்டும்.

“வந்த இடத்தில் வாயைப் பொத்திக்கொண்டு வேலையைப் பார்” என்று எங்கள் பெரியவர்கள் சொல்வதை நான் இகழ மாட்டேன். ஊரில் போர்க்காலச் சோதனைச் சாவடியில் வாய் திறந்ததற்காகப் பிள்ளையை இழந்த தலைமுறை அது. அவர்களைக் காப்பாற்றிய அந்த மௌனம் எனக்கு உதவவில்லை. நான் பேசாமலிருந்த ஒவ்வொரு மாதமும் அடுத்த பகிடிக்குக் கொடுத்த அனுமதியாகவே எடுத்துக்கொள்ளப்பட்டது.

அந்தத் தங்கையின் நிலை என்னுடையதை விடக் கடினமானது. அவளுடைய விசா அவளை வேலைக்கு எடுத்த நிறுவனத்தோடு கட்டப்பட்டிருக்கிறது. வேலை போனால் வேறொரு ஸ்பான்சரைத் தேட வழக்கமாகக் கிடைப்பது 60 நாட்கள். ஊரில் வட்டிக்கு வாங்கிய காசு, இங்கே அறை வாடகை, இவற்றோடு ‘துணிந்து முறைப்பாடு கொடு’ என்று அவளுக்கு இலேசாக நான் சொல்லிவிட முடியாது. சொல்லவும் இல்லை. எந்த விசாவில் இருந்தாலும் சமத்துவச் சட்டம் பாதுகாக்கும் என்பதைச் சொன்னேன். தொழிற்சங்கத்தில் சேரச் சொன்னேன். சேர்ந்தது எவருக்கும் தெரியவேண்டியதில்லை. குடிவரவுச் சட்டமும் தெரிந்த ஒரு சட்டத்தரணியிடம் பேசும்வரை எதிலும் கையெழுத்து வைக்க வேண்டாம் என்றேன்.

இரவு வேலைக்கு வரும்போது அவளுடைய மேலங்கியை மற்றவர்களுடையதோடு தொங்கவிட விடுவதில்லையாம். ‘கறி மணம்’ என்று சொல்லித் தனி ஆணி ஒன்றைக் காட்டியிருக்கிறார்கள். அந்த ஆணியைப் படமெடுத்து நேற்றிரவு எனக்கு அனுப்பினாள், திகதியும் நேரமும் கீழே எழுதி.