அந்த முற்றத்தில் நின்றவர்கள்

பள்ளியில் ஒரு பிள்ளையை மற்றவர்கள் ஒதுக்குகிறார்கள் என்று தெரிந்தால் பெரியவர்கள் உடனே ஒரு கதையை எடுப்பார்கள். அழகில்லாத வாத்துக்குஞ்சு. "பாரு, அதையும் எல்லாரும் விரட்டி விரட்டிக் கொத்தினாங்க. கடைசியில அது அன்னமாச்சு. நீயும் ஒருநாள் அப்படி வருவே." சொல்கிறவர்கள் நல்ல மனதோடுதான் சொல்கிறார்கள். ஆனால் கவனித்திருக்கிறீர்களா, இந்தக் கதை எப்போதும் கொத்து வாங்குகிற பிள்ளைக்குத்தான் சொல்லப்படுகிறது. கொத்துகிற பிள்ளைகளை உட்கார வைத்து யாரும் சொல்வதில்லை. எனக்கு இதில் பெரிய வருத்தம் உண்டு. ஏனென்றால் ஹான்ஸ் கிறிஸ்டியன் ஆண்டர்சன் எழுதிய முழுக் கதையில் குஞ்சைப் பற்றி எவ்வளவு இருக்கிறதோ, அவ்வளவு அதைச் சுற்றி நின்றவர்களைப் பற்றியும் இருக்கிறது.

1843 நவம்பரில் டென்மார்க்கின் கோபன்ஹேகன் நகரில் வெளிவந்த கதை இது. நம் கைக்கு வரும் படப்புத்தகங்களில் முட்டை, கேலி, குளிர்காலம், அன்னம் என்று நான்கு படங்களில் முடிந்துவிடுகிறது. மூலத்தில் அந்த வாத்து முற்றம் ஓர் ஊர் போல விரிகிறது. அங்கே ஒரு கிழட்டு வாத்து இருக்கிறாள். ஸ்பானிய வம்சம், காலில் ஒரு சிவப்புத் துணி கட்டியிருக்கும். ஒரு வாத்துக்குக் கிடைக்கக்கூடிய ஆகப் பெரிய மரியாதை அது. அம்மா வாத்து தன் குஞ்சுகளை முதல்முறை முற்றத்துக்குக் கூட்டி வரும்போது, அந்தக் கிழவிக்குத் தலை குனியுங்கள், காலை அகட்டி வைத்து நடங்கள் என்றெல்லாம் சொல்லிக்கொடுத்துத்தான் கூட்டி வருகிறாள்.

எனக்கு இந்தக் கதையிலேயே மறக்க முடியாத பாத்திரம் அந்த அம்மாதான். பெரிய முட்டை ஒன்று மட்டும் பொரியாமல் கிடக்கிறது. அது வான்கோழி முட்டை, விட்டுவிட்டு எழுந்து வா என்கிறாள் பார்க்க வந்த பாட்டி வாத்து. இவ்வளவு நாள் உட்கார்ந்தாயிற்று, இன்னும் கொஞ்சம் உட்கார்ந்தால் என்ன என்று அம்மா உட்கார்ந்தே இருக்கிறாள். குஞ்சு வெளியே வந்து தண்ணீரில் இறங்கி அழகாக நீந்தியதும், வான்கோழி இல்லை, என் பிள்ளையேதான் என்று பூரித்துப் போகிறாள். சரியாகப் பார்த்தால் அழகாகத்தான் இருக்கிறான் என்று கூடச் சொல்கிறாள்.

அப்புறம் முற்றம். ஒரு வாத்து பாய்ந்து வந்து குஞ்சின் கழுத்தில் கடிக்கிறது. விடு, அவன் யாரையும் ஒன்றும் செய்யவில்லையே என்கிறாள் அம்மா. அதற்கு வரும் பதிலைப் பாருங்கள்: செய்யவில்லைதான், ஆனால் ரொம்பப் பெரிதாக, வேறு மாதிரி இருக்கிறானே, அதனால் கொத்தத்தான் வேண்டும். சிவப்புத் துணிக் கிழவியும் தீர்ப்பு சொல்லிவிடுகிறாள்: எல்லாக் குஞ்சும் அழகு, இது ஒன்றுதான் சரியாக வரவில்லை. உடனே அம்மாவின் பேச்சு மாறுகிறது. அழகில்லைதான், ஆனால் நல்ல குணம், நன்றாக நீந்துவான், முட்டைக்குள் ரொம்ப நாள் இருந்துவிட்டான், அதுதான் இப்படி, ஆண்பிள்ளைதானே, அழகு என்னத்துக்கு என்று காரணங்களாக அடுக்குகிறாள். என் பிள்ளை என்று நெஞ்சு நிமிர்த்திச் சொன்னவள், பிள்ளைக்காக மன்னிப்புக் கேட்கத் தொடங்கிவிட்டாள்.

நாள் ஆக ஆக நிலைமை மோசமாகிறது. கூடப் பிறந்த குஞ்சுகளே உன்னைப் பூனை கொண்டுபோகாதா என்கின்றன. தீனி போடும் பெண் காலால் எத்துகிறாள். கடைசியில் அம்மாவும் சொல்லிவிடுகிறாள்: நீ எங்காவது கண்காணாத இடத்துக்குப் போய்விட்டால் தேவலை.

அவள் கெட்டவள் இல்லை. யாரும் அவளை மிரட்டவும் இல்லை. தினமும் நாலு பேர் பேசுகிற பேச்சு, அவ்வளவுதான். ஒதுக்கி வைப்பது இப்படித்தான் ஒரு வீட்டுக்குள் நுழைகிறது. வெளியே கொத்துகிறவனை எனக்குப் புரிந்துகொள்ள முடிகிறது. தன் பிள்ளைதான் என்று தெரிந்தும் ஊர்ப் பேச்சுக்குக் கொஞ்சம் கொஞ்சமாக இடம் கொடுத்தவளைப் பற்றித்தான் நாம் உட்கார்ந்து பேச வேண்டும்.

முற்றத்தை விட்டு ஓடிய பிறகு குஞ்சுக்குக் கிடைக்கும் அடைக்கலங்களும் என்னை உலுக்குகின்றன. சதுப்பு நிலத்தில் வாத்தைவிடப் பெரிய காட்டுக் கூஸ் பறவைகளில் இரண்டு இளவட்டங்கள் வந்து, நீ இவ்வளவு அவலட்சணமாக இருப்பதால்தான் உன்னைப் பிடிக்கிறது, எங்களோடு வா என்கின்றன. அதையும் நட்பு என்று எடுத்துக்கொள்ள வேண்டிய நிலையில் இருக்கிறது அந்தக் குஞ்சு. அந்த நட்புக்கும் ஆயுசு இல்லை, வேட்டைக்காரர்களின் குண்டு பட்டு இரண்டும் அங்கேயே விழுகின்றன. பிறகு ஒரு வேட்டை நாய் குஞ்சை மோந்துவிட்டு விலகிப் போகிறது. நாய்கூடக் கடிக்காத அளவுக்கு நான் அவலட்சணம் என்று குஞ்சு நினைத்துக்கொள்கிறது. உயிர் பிழைத்ததைக்கூட அவமானமாகத்தான் அதனால் பார்க்க முடிகிறது.

படப்புத்தகங்கள் பலவும் விட்டுவிடும் பகுதி ஒன்று இருக்கிறது. கிழவி ஒருத்தியின் இடிந்த குடிசை, அவளுடைய பூனை, அவளுடைய கோழி. முட்டை கிடைக்குமா பார்க்கலாம் என்று மூன்று வாரம் சோதனைக்கு வைத்துக்கொள்கிறார்கள். கோழி கேட்கிறது: "உனக்கு முட்டை போடத் தெரியுமா?" "தெரியாது." "அப்போ வாயை மூடு." பூனை கேட்கிறது: "முதுகை வளைக்கத் தெரியுமா? உறுமத் தெரியுமா? பொறி பறக்க வைக்கத் தெரியுமா?" எதுவும் தெரியாது. அப்படியானால் விவரம் தெரிந்தவர்கள் பேசும்போது உனக்கென்று ஒரு கருத்து இருக்கக் கூடாது. தண்ணீரில் மூழ்கி நீந்த ஆசையாக இருக்கிறது என்று குஞ்சு மனம் திறந்தால், வேலை இல்லாததால் வரும் கோணல் புத்தி, பூனையைக் கேள், அதைவிட அறிவாளி யார் என்கிறது கோழி. இத்தனையும் உன் நல்லதுக்குத்தான் சொல்கிறேன் என்றும் சேர்த்துக்கொள்கிறது.

இந்தக் குடிசையில் யாரும் கொத்துவதில்லை. கூரை இருக்கிறது, கதகதப்பு இருக்கிறது. ஆனால் இருப்பதற்கு ஒரு நிபந்தனை: நீ நீயாக இருக்கக் கூடாது. வெளியூரிலிருந்தும் வெளிநாட்டிலிருந்தும் பிழைக்க வருகிறவர்களை நாங்கள் ஏற்றுக்கொண்டோம் என்று பெருமையாகச் சொல்லும் இடங்களில் பல எனக்கு இந்தக் குடிசையைத்தான் ஞாபகப்படுத்துகின்றன. முட்டை போட்டால் இருக்கலாம். போடாவிட்டால் பேசக் கூடாது.

ஆண்டர்சனுக்கு இதெல்லாம் கேள்விப்பட்ட விஷயம் இல்லை. ஓடென்ஸ் ஊரில் 1805இல் செருப்புத் தைக்கும் தொழிலாளிக்கு மகனாகப் பிறந்தவர். அம்மா துணி வெளுத்துப் பிழைத்தவர். 14 வயதில் தனியாகக் கோபன்ஹேகனுக்குப் போய் நாடக அரங்கின் வாசலில் நின்றார். பாட்டு, நடனம், நடிப்பு எதிலும் நிலைக்க முடியவில்லை. பெரிய மனிதர்கள் சிலர் இரங்கிப் படிக்க அனுப்பினார்கள். 17 வயதில், தன்னைவிடப் பல வயது சின்னப் பிள்ளைகளோடு பெஞ்சில் உட்கார்ந்தார். தலைமையாசிரியர் மைஸ்லிங்கிடம் பட்ட அவமானங்கள் ஆயுள் முழுக்க அவரைவிட்டுப் போகவில்லை. இந்தக் கதை தன் வாழ்க்கையின் பிரதிபலிப்பு என்று அவரே சொல்லியிருக்கிறார். அந்தக் கோழியின் உபதேசம் இவ்வளவு அச்சாக வந்திருப்பதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

குளிர்காலத்தில் பனிக்கட்டியில் உறைந்து கிடக்கும் குஞ்சை ஒரு குடியானவன் மரச்செருப்பால் பனியை உடைத்து மீட்டு வீட்டுக்குக் கொண்டு போகிறான். நிபந்தனை இல்லாமல் கிடைத்த முதல் இரக்கம். அவன் பிள்ளைகள் விளையாடத்தான் கிட்டே வருகிறார்கள். ஆனால் அடிக்க வருகிறார்கள் என்று பயந்து குஞ்சு பால் பாத்திரத்திலும் வெண்ணெய்த் தொட்டியிலும் மாவுப் பீப்பாயிலும் விழுந்து எழுந்து வெளியே ஓடிவிடுகிறது. கொத்து வாங்கியே வளர்ந்ததற்கு விளையாட்டும் அடியும் ஒன்றாகத்தான் தெரியும். அன்பு காட்டியும் ஒட்ட மாட்டேன் என்கிறான் என்று யாரைப் பற்றியாவது குறைப்படும் முன் இந்த இடத்தை ஒருமுறை நினைத்துக்கொள்ளலாம்.

வசந்தத்தில் அன்னங்களிடம் போகும்போதுகூட, என்னைக் கொன்றுவிடுங்கள் என்று தலை குனிந்துதான் போகிறது. தண்ணீரில் தன் உருவம் தெரிகிறது, அன்னங்கள் அலகால் வருடுகின்றன, குழந்தைகள் ரொட்டி போடுகிறார்கள். எனக்கும் அந்த இடத்தில் கண் கலங்கும். ஆனால் அதே பத்தியில் ஒரு வரி இருக்கிறது: அன்னத்தின் முட்டையிலிருந்து வந்திருந்தால், வாத்து முற்றத்தில் பிறந்ததால் ஒன்றும் குறையில்லை. இந்த வரியை என்னால் ஏற்க முடியவில்லை. மரியாதை கடைசியில் முட்டைக்குத்தான் என்றாகிவிடுகிறதே! உண்மையிலேயே அழகில்லாத, உண்மையிலேயே வாத்தாகவே பிறந்த ஒரு குஞ்சு அந்த முற்றத்தில் இருந்திருந்தால்? அதற்கு எந்தக் குளமும் இல்லை. செருப்புத் தைத்தவரின் மகன் தனக்கு ஆறுதலாக எழுதிக்கொண்ட வரியாக இருக்கலாம். அந்த ஏக்கம் புரிகிறது, வாதம் தப்பு.

இன்னொன்று. முற்றத்து ஆட்கள் யாரும் முடிவில் வருவதில்லை. அம்மா வந்து பார்க்கவில்லை, கிழவியின் சிவப்புத் துணியை யாரும் அவிழ்க்கவில்லை. அடுத்த கோடையிலும் அங்கே முட்டைகள் பொரியும். ஏதோ ஒன்று கொஞ்சம் பெரிதாக, வேறு மாதிரி வெளியே வரும்.

அதனால் ஆசிரியர்களிடமும் பெற்றோரிடமும் என் வேண்டுகோள்: கதையை முழு வகுப்புக்கும் சொல்லுங்கள். ஒதுக்கப்பட்ட பிள்ளையைத் தனியே கூப்பிட்டுப் பொறுமையாக இரு என்று சொல்வதற்கு இதைப் பயன்படுத்தாதீர்கள். கோழியையும் பூனையையும் வெட்டாதீர்கள். முற்றத்தில் கழுத்தைக் கடிக்கும் இடம் வந்ததும் கொஞ்சம் நிறுத்தி, அந்த நேரத்தில் அம்மா வாத்து என்ன சொல்லியிருக்கலாம், பக்கத்தில் நின்ற மற்ற வாத்துகள் என்ன செய்திருக்கலாம் என்று பிள்ளைகளிடமே கேளுங்கள். அன்னம் வருவதற்கு முன்பே மணி அடித்துவிட்டாலும் பரவாயில்லை, அதை நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம்.