மணல்தொட்டியில் டைனோசரைப் புதைத்தால் அது அகழாய்வு ஆகிவிடுமா?

பிள்ளைகளுக்கு 'அகழாய்வு' என்று சென்னையில் நடத்திய அந்தக் கோடை முகாமின் வீடியோவை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். மணல்தொட்டி, உள்ளே பிளாஸ்டிக் டைனோசர், ஓட்டுத்துண்டுகள், தங்க நிறக் காசுகள். விசில் ஊதியதும் ஐந்து நிமிடத்தில் யார் அதிகம் அள்ளுகிறார்களோ அவர்களுக்குச் சான்றிதழ். பார்த்ததிலிருந்து மனசு ஆறவில்லை.

டைனோசர் தொல்லியலே கிடையாது. தொல்லியல் பழைய மனிதர்கள் விட்டுச்சென்றதைப் பற்றியது; டைனோசர் போன்ற பழங்கால உயிர்களைப் பற்றியது தொல்லுயிரியல். அதைக்கூட விட்டுவிடுகிறேன். தொல்லியலில் முக்கால்வாசி வேலை எழுதுவதுதான். எந்தக் கட்டம் (தோண்டும் இடத்தை நூல் கட்டிப் பிரித்த சதுரம்), எந்த மண்ணடுக்கு, எத்தனை சென்டிமீட்டர் ஆழம் என்று எழுதாமல் எடுத்த பானை ஓடு எதையும் சொல்லாது.

"சின்னப் பிள்ளைகளுக்கு இதெல்லாம் வருமா?" என்பீர்கள். எட்டு வயதில் தாராளமாக வரும். 60 செ.மீ. சதுரப் பெட்டி ஒன்று. அடியில் செம்மண், நடுவில் மணல், மேலே கரிய தோட்டமண், ஒவ்வொன்றும் 8 செ.மீ. தண்ணீர் தெளித்துக் கையால் அழுத்துங்கள். காய்ந்திருந்தால் ஓரம் சரிந்து மூன்றும் கலந்துவிடும். ஈரம் கூடினால் செம்மண் இறுகி, கரண்டி பட்டு ஓடு உடையும். பழைய மண்சட்டியை உடைத்து, துண்டுகளை ஒரே அடுக்கில் இரண்டு கட்டங்களில் பரப்புங்கள். பிறகு மேலிருந்து செம்மண் வரை ஒரு துளை போட்டு, அடியில் சோடா மூடி ஒன்றை வைத்துக் கரிய மண்ணால் நிரப்புங்கள். அதுதான் எலி வளை; மேலே உள்ள பொருள் அதன் வழியாகக் கீழே இறங்கிவிடும். அடியில் உள்ள பழைய அடுக்கில் சோடா மூடி எப்படி வந்தது என்று பிள்ளைகள் திணறுவார்கள். சுற்றியுள்ள மண்ணின் நிறத்தைப் பார்த்து அவர்களே பிடித்துவிடுவார்கள். அதுவரை நீங்கள் வாய் திறக்கக் கூடாது.

ஆழத்தை மண் பரப்பிலிருந்து அளக்காதீர்கள். தோண்டத் தோண்டப் பரப்பு இறங்கிக்கொண்டே போகும். பெட்டி விளிம்பில் நூல் கட்டி, அதிலிருந்து அளக்க வேண்டும். அதே நூலால் நான்கு கட்டம் பிரித்து, கட்டத்துக்கு இரண்டு பேர்: ஒருவர் சுரண்ட, ஒருவர் எழுத. 15 நிமிடத்தில் ஆள் மாற்றுங்கள். எடுத்த மண்ணைச் சலிக்காமல் கொட்டினால் பாசிமணி மாதிரிச் சின்னப் பொருள் இருந்தால் போயே போச்சு.

"பொறுமை இருக்காது" என்கிறவர்கள் அந்த வீடியோவின் கடைசியைப் பாருங்கள். ஒரு சிறுமி ஓட்டுத்துண்டைக் கையில் வைத்துக்கொண்டு "இது எங்கே இருந்துச்சு?" என்று திரும்பிப் பார்க்கிறாள். "டைம் ஆச்சு, டப்பாவுல போடு" என்று முகாம் நடத்துகிறவர்களிடமிருந்து பதில் வருகிறது. பொறுமை யாருக்கு இல்லை?

செலவு பற்றிப் பேசவே வேண்டாம். மூன்று மூட்டை மண்.

சென்னையில் இது நடப்பதுதான் தாங்கவில்லை. 1863 மே 30 அன்று பல்லாவரத்தில்தான் நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட் கற்கோடரியைக் கண்டெடுத்தார். இந்தியாவில் பழைய கற்கால ஆராய்ச்சி தொடங்கியது அங்கேதான். அதே ஆண்டு சென்னைக்கு அருகில் உள்ள அத்திரம்பாக்கத்திலும் கற்கருவிகள் கிடைத்தன. தொல்லியலாளர் சாந்தி பப்பு குழுவினர் பின்னாளில் அங்கே அகழ்ந்து, எடுத்த கருவிகள் சுமார் 15 லட்சம் ஆண்டு பழையவை என்று 2011இல் வெளியிட்டார்கள். எந்தக் கல் எந்த அடுக்கில் கிடந்தது என்று பதியாமல் இருந்திருந்தால் அந்தக் காலக்கணிப்பு கைகூடியிருக்காது. பல்லாவரத்துப் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு இதைச் சொல்லியிருக்கிறோம்?

அடுத்த முகாமுக்கு இன்னும் நாள் இருக்கிறது. டைனோசரை எடுத்துவிட்டு மண்ணை மாற்றுங்கள். ஆளுக்கொரு நோட்டும் பென்சிலும் கொடுங்கள். விசில் வேண்டாம்.