அந்த ஒரு நீலக் கட்டத்துக்குள் ரெண்டு மாவட்டம் இருக்கு

மேலே உள்ள பதிவில் ஒரு அண்ணன் உலகக் காலநிலை மாதிரியின் (கணினிக் கணக்கின்) படத்தைப் போட்டு, "தர்மபுரி, ஓசூர் ரெண்டும் ஒரே நீலம்; 2050ல் ரெண்டு ஊருக்கும் மழை ஒரே அளவு கூடும்" என்கிறார். அண்ணா, படம் அப்படிச் சொல்லவில்லை.

உலக மாதிரிகள் பூமியைக் கட்டம் கட்டமாகப் பிரித்துக் கணக்குப் போடுபவை. பலவற்றில் ஒரு கட்டத்தின் பக்கம் சுமார் 100 கி.மீ. தர்மபுரி, கிருஷ்ணகிரி, ஓசூர் மூன்றும் ஒன்றிலேயே அடங்கிவிடலாம். கட்டத்துக்கு ஒரே உயரம், ஒரே மழை எண். ஓசூர் சுமார் 900 மீட்டர் மேட்டில் இருப்பதும், தர்மபுரி அதில் பாதி உயரம்தான் என்பதும் அதற்குத் தெரியாது. சித்திரையில் காவேரிப்பட்டணத்துத் தோப்பில் மாங்காயை உதிர்த்துவிட்டு, பக்கத்து ஊரில் புழுதிகூட அடங்காமல் போகிற இடிமழை சில கி.மீ. அகலம்தான். அதைத் தனியாகக் கணக்கிட வழியில்லாமல் தோராயச் சூத்திரத்தில் அடைக்கிறார்கள்.

அதற்காக "மாதிரியே டுபாக்கூர்" என்று கீழே சிலர் கிளம்பியிருப்பதும் சரியில்லை. கார்பன் டை ஆக்சைடு கூடினால் தரைப்பக்கம் சூடாகும், மேல் காற்றடுக்கான ஸ்ட்ராடோஸ்பியர் குளிரும் என்று காலநிலை விஞ்ஞானிகள் மனாபேயும் வெதரால்டும் 1967லேயே ஒரு மாதிரியை வைத்துத்தான் கணக்கிட்டார்கள். பின்னால் வந்த அளவீடுகளும் அதையே காட்டின. மனாபேக்கு 2021ல் இயற்பியல் நோபல்.

ஊர்வாரியாக மழை பார்க்க வேண்டுமானால் சிறு கட்டம் கொண்ட வட்டார மாதிரிகளைப் பாருங்கள். அதிலும் ஒன்றை மட்டும் நம்பாமல் நாலைந்தைச் சேர்த்து.