திரும்பிப் போகும் கண்

நேற்றிரவு ஒரு நாவலின் 11-ஆம் அத்தியாயத்தில் ஒரே வரியை நான்கு முறை படித்தேன். புரியாமல் இல்லை, விட்டுப் போக மனம் வரவில்லை. பிறகு பக்கத்துக்கு நடுவே விரலை வைத்து மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். இப்படி உட்கார்ந்து எத்தனை மாதமாயிற்று என்று நினைத்தபோது வருத்தமாகிவிட்டது.

படிக்கும்போது கண் வரியின்மேல் வழுக்கிக்கொண்டு போவதில்லை. தாவித் தாவிப் போகிறது. தாவிய இடத்தில் ஏறக்குறைய கால் விநாடி நிற்கிறது. நன்றாகப் படிக்கத் தெரிந்தவர்களுக்கே அந்தத் தாவல்களில் 10 முதல் 15 சதவீதம் பின்னோக்கித்தான் இருக்கும். திரும்பிப் போவதும் வாசிப்பில் சேர்த்திதான். எங்கே நிற்பது, எதை மறுபடி பார்ப்பது என்று யாரும் நமக்குச் சொல்வதில்லை.

ரீல்ஸ் பார்க்கும்போது கட்டைவிரலுக்கு ஒரே வேலை, அடுத்தது. முடிவில்லாமல் உருளும் திரையை 2006-இல் வடிவமைத்த ஏசா ரஸ்கின், பின்னாளில் அதற்காக வெளிப்படையாகவே வருந்தினார். பக்கம் முடிகிற இடத்தில்தானே "போதுமா, இன்னும் வேண்டுமா?" என்று மனம் கேட்டுக்கொள்ளும்? அந்த இடமே போய்விட்டது. திரையில் ஒன்றின்மீது நம் கவனம் எவ்வளவு நேரம் நிற்கிறது என்று பல ஆண்டுகளாக அளந்துவருகிறார் உளவியல் ஆய்வாளர் குளோரியா மார்க். 2004-இல் சராசரி இரண்டரை நிமிடம். அண்மை ஆண்டுகளில் 47 விநாடி.

எனக்குக் கோபம் வருவது ரீல்ஸ் மேல்கூட இல்லை. வாசிப்பைக் காப்பாற்றுகிறோம் என்று நாம் செய்கிற காரியங்கள்மேல்தான். ஆண்டுக்கு 50 புத்தகம் என்று சவால். ஒரு முழுப் புத்தகத்துக்கு 10 நிமிடச் சுருக்கம். ஒலிப்புத்தகத்தை ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓடவிடுவது. (ஒலிப்புத்தகத்தைக் குறை சொல்லவில்லை, பார்வையற்றவர்களுக்கு அது எவ்வளவு பெரிய துணை! அந்த ஒன்றரை மடங்கைத்தான் சொல்கிறேன்.) இங்கேயும் அடுத்தது, அடுத்தது என்று தள்ளுகிற அதே விரல்தான். பிள்ளைகளிடமும் "படி, அறிவு வளரும், மார்க் கூடும்" என்று கஷாயம் புகட்டுவதுபோலத்தான் புத்தகத்தை நீட்டுகிறோம். கதை படித்தால் சுகமாக இருக்கும் என்று ஒரு குழந்தையிடம் சொல்ல நமக்கு என்ன கூச்சம்?

அந்த நாவலில் இன்னும் பாதிக்குமேல் இருக்கிறது. இந்த மாதத்துக்குள் முடியாது. இன்றிரவு 11-ஆம் அத்தியாயத்தை முதல் வரியிலிருந்து மறுபடி படிக்கப் போகிறேன்.