ஃபைலும் கையுமாக ஒரு சகலை

(இரண்டு குடும்பமும் சேர்ந்து ஐரோப்பா கிளம்ப இன்னும் ஏழு வாரம். மூத்த சகலை முருகேசன் தடித்த ஃபைலோடு உட்கார்ந்திருக்கிறார். இளைய சகலை பாலு கையை வீசிக்கொண்டு வருகிறார்.)

பாலு: என்னண்ணே, பத்திரம் பதியப் போறீங்களா?

முருகேசன்: ரயில் டிக்கெட், சகலை. அத்தனையும் எடுத்தாச்சு. நீங்க?

பாலு: அங்க போய் எடுத்துக்கலாம். ஸ்டேஷன்ல மெஷின் இருக்கு, எங்கிட்ட விரல் இருக்கு.

முருகேசன்: பாரிஸ்ல இருந்து லியோனுக்கு டிஜிவி, பிரான்ஸோட அதிவேக ரயில். அதுக்கும் விரல்தானா? நாள் நெருங்க நெருங்க விலை ஏறிக்கிட்டே போகும்.

பாலு: ஏறினா ஏறட்டும். சீட்டு இல்லாட்டி நின்னுக்கிட்டே போறேன். ரெண்டு மணி நேரம்தானே?

முருகேசன்: டிஜிவிக்கு ரிசர்வேஷன் கட்டாயம். நின்னுக்கிட்டுப் போறதெல்லாம் அங்க ஒரு வகுப்பு இல்ல.

பாலு: அப்ப ஐரோப்பா ரயில்களுக்கான யூரேல் பாஸ் போட்டுடறேன். எதுல வேணா ஏறலாமாமே?

முருகேசன்: பாஸ் இருந்தாலும் டிஜிவிக்குத் தனியா காசு கட்டி சீட்டு எடுக்கணும். பாஸ்காரங்களுக்கு ஒதுக்குற இடமும் கொஞ்சம்தான்.

பாலு: பின்ன பாஸ் எதுக்கு?

முருகேசன்: நாம மாமனார் வீட்டுக்குப் போறோம்ல? மாப்பிள்ளைன்னு உள்ள விட்டுடுவாங்க. உட்கார நாற்காலி காலியா இருக்கணும்ல?

பாலு: (ஃபைலைப் புரட்டி) இதென்ன, ஃபிராங்க்ஃபர்ட்ல 9:40க்கு விமானம் இறங்குது. பத்தரைக்குக் கொலோன் ரயிலா?

முருகேசன்: ஸ்டேஷன் ஏர்போர்ட்லயே இருக்கு.

பாலு: ஸ்டேஷன் அங்க இருக்கும். அப்ப நாம எங்க இருப்போம்? பாஸ்போர்ட் வரிசை இருக்கு, பெட்டி வரணும், அண்ணி முகம் கழுவணும்... சரி, விட்டா அடுத்த ரயில்.

முருகேசன்: (குரல் இறங்க) இது சூப்பர் ஸ்பார்பிரைஸ் டிக்கெட்.

பாலு: பேர்லயே சூப்பர் இருக்கே!

முருகேசன்: அந்த ஒரு ரயிலுக்குத்தான் செல்லும். விட்டா காசும் திரும்ப வராது.

பாலு: ரயில் லேட்டானா?

முருகேசன்: போய்ச் சேர 20 நிமிஷமோ அதுக்கு மேலயோ தாமதமாகும்னா வேற ரயில்ல ஏறிக்கலாம்.

பாலு: விமானம் லேட்டானா?

முருகேசன்: அது அவங்க கவலை இல்லையாம்.

பாலு: அப்ப அந்த ரயிலும் லேட்டாகணும்னு சாமிகிட்ட வேண்டிக்க வேண்டியதுதான்.

முருகேசன்: போன வாரமே வேண்டிக்கிட்டேன்.

பாலு: அதுலயும் அட்வான்ஸா! பாஸ் இருந்தா ஜெர்மனிக்குள்ள ரிசர்வேஷன்கூட வேண்டாம்ணே. அடுத்த ரயில்ல ஏறிடுவேன். கொலோன்ல உங்களுக்காகக் காத்திருக்கேன்.

முருகேசன்: பாரிஸ்ல நான் உங்களுக்காகக் காத்திருக்க மாட்டேன்.

பாலு: கோவிச்சுக்காதீங்க. இது என்ன, இத்தாலியில ஃபுளோரன்ஸ் - பிசா? ரெஜியோனாலேன்னு போட்டிருக்கு. முன்னாடியே எடுத்ததுல எவ்வளவு மிச்சம்?

முருகேசன்: மிச்சம்னு... அது ஊருக்கு ஊர் நின்னு போற ரயில். எப்ப எடுத்தாலும் ஒரே விலைதான்.

பாலு: ஏறுறதுக்கு ரெண்டு நிமிஷம் முன்னாடி எடுத்தாலுமா?

முருகேசன்: ஒரே விலை. சீட் நம்பரும் கிடையாது.

பாலு: பின்ன ஏண்ணே எடுத்தீங்க?

முருகேசன்: ராத்திரி தூக்கம் வரணும்ல!

பாலு: நான் அங்கேயே காகித டிக்கெட் எடுத்துக்கறேன்.

முருகேசன்: எடுங்க. ஏறுறதுக்கு முன்னாடி இன்னொரு சின்ன மெஷின்ல சொருகி முத்திரை குத்தணும். மறந்தா அபராதம்.

பாலு: காசு கொடுத்து வாங்கின டிக்கெட்டுக்கா அபராதம்?

முருகேசன்: முத்திரை விழாத டிக்கெட்டை மறுநாளும் எடுத்து நீட்டுவீங்களா, மாட்டீங்களா?

பாலு: (யோசித்து) நீட்டுவேன்.

(ஃபைலின் கடைசி உறை காலி. முருகேசன் அதைத் தடவிப் பார்த்துப் பெருமூச்சு விடுகிறார்.)

முருகேசன்: இது ஒண்ணுதான் சகலை பாக்கி. கடைசி ரெண்டு நாள் லக்ஸம்பர்க். உள்ளூர் ரயில் டிக்கெட் எந்த சைட்ல விக்கிறாங்கன்னே தெரியல. மூணு ராத்திரியா கிரெடிட் கார்டைக் கையில பிடிச்சுக்கிட்டே தேடுறேன்.

பாலு: அண்ணே, அங்க டிக்கெட்டே கிடையாது! 2020 பிப்ரவரி 29லிருந்து நாட்டுக்குள்ள ரயில், பஸ், டிராம் எல்லாம் இலவசம். நம்மள மாதிரி சுத்திப் பார்க்க வர்றவங்களுக்கும்தான்.

முருகேசன்: (முகம் வாடி) ஒண்ணுமே எடுக்க வேண்டாமா?

பாலு: ஏறி உட்கார வேண்டியதுதான்.

முருகேசன்: சும்மா ஒரு ரிசர்வேஷன்கூட?

பாலு: கிடையாது.

(முருகேசன் ஃபைலை மூடுகிறார். மறுபடி திறக்கிறார்.)

முருகேசன்: இலவசம்னா... முதல் வகுப்புமா?

பாலு: இல்லண்ணே, ரெண்டாம் வகுப்பு மட்டும். முதல் வகுப்புக்குக் காசு உண்டு.

முருகேசன்: (நிமிர்ந்து உட்கார்ந்து) சகலை, அந்த லேப்டாப்பை இப்படித் தள்ளுங்க!